ஏகாதசிப் பச்சை வெண்ணெய்

வெண்ணெய்ப் பழத்தைக் காயாக வாங்கி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் மூன்றாம் நாள் பழுத்துவிடும் என்று நீங்கள் சொன்னது சரிதான், டீச்சர். மதுரை வெயிலுக்கு எனக்கு இரண்டாம் நாளே பழுத்தது. கட்டைவிரலால் அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும், பள்ளம் விழுந்தால் உள்ளே கறுத்திருக்கும். அதுவும் உங்களிடம் கற்றுக்கொண்டதுதான்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. திண்டுக்கல் கான்வென்டுக்கு மாற்றலாகிப் போனவர் அங்கே நிம்மதியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களோ நாலு பக்கத்துக்கு அழுதிருக்கிறீர்கள். என் நாத்தனார் பட்டு அக்கா காலமானதை என் பெண் ஸ்யாமளா உங்களுக்கு எழுதியிருக்கிறாள். "அம்மா அத்தைக்கு ஒரு சீஸ் டின்னைக் காட்டினாள், அதற்கப்புறம் அத்தை சரியாகச் சாப்பிடவே இல்லை" என்றும் எழுதியிருக்கிறாள். பெண்களைப் படிக்க வைத்தால் இதுதான் சங்கடம், கண்டதையெல்லாம் எழுதிவிடுவார்கள். அந்த டின் நீங்கள் கொடுத்தது என்பதால் ஓர் உயிர் போனதற்கு நீங்கள்தான் காரணம் என்று தூக்கம் வராமல் தவிக்கிறீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியும் மனசு ஆறவில்லை என்கிறீர்கள். சாமியார் பாவம், அவருக்கு என்ன தெரியும். உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் இதை வெளியில் சொல்ல மாட்டீர்கள். சொன்னாலும் எங்கள் வடக்கு ஆவணி மூல வீதியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

நான் பதினாலு வயதில் இந்த வீட்டுக்கு வந்தேன். பட்டு அக்கா பதினோரு வயதில் கைம்பெண்ணாகி அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டவள். சமையலறை அவளுடையது. பதினேழு வருஷத்தில் நான் கரைத்த புளியை ஒன்றாக ஊற்றினால் மாரியம்மன் தெப்பக்குளம் நிரம்பும். ஆனால் ஒரு நாளாவது ரசத்தை நான் வைத்ததில்லை. கரைத்துக் கொடுத்துவிட்டு நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். பெருங்காயம் போடும் நேரத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் போடுவாள், ஏதோ தங்கத்தைப் போடுகிற மாதிரி.

அவளுடைய மடி உங்களுக்குத் தெரிந்ததுதான். காலையில் நனைத்து உயரத்தில் உலர்த்திய புடவை. அதைக் கட்டிக்கொண்டால் சாப்பிட்டு முடிக்கிற வரை யாரும் எதுவும் மேலே படக்கூடாது. ஸ்யாமளாவின் பள்ளிக்கூடப் பாவாடை காற்றில் ஆடி உரசிவிட்டால் கிணற்றடிக்குத் திரும்பவும் ஓடுவாள். நீங்கள் ஸ்யாமளாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன பிறகு நீங்கள் உட்கார்ந்த பெஞ்சியை ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அலம்பச் சொல்வாள். இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. போனவளைத் தப்பாக நினைக்காதீர்கள். பெஞ்சியும் எப்போதும் சுத்தமாகத்தான் இருந்தது.

ஆனி மாதத்தில் கொடைக்கானல் தோட்டத்தில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி ஒரு கூடைப் பழம் அனுப்பினார் என்று நாலு பழம் கொண்டுவந்து கொடுத்தீர்களே, அங்கேதான் எல்லாம் ஆரம்பம். கான்வென்டில் மதர் இதில் சீஸ் போட்டு மசித்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார் என்றும், கால் மணி நேர வேலை என்றும் சொல்லி, ஒரு சீஸ் டின்னையும் பையிலிருந்து எடுத்தீர்கள். எடுத்த பிறகுதான் உங்களுக்கு ஞாபகம் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னீர்கள்.

"அம்மா, ஒண்ணு சொல்லிர்றேன். பால்லதான் செய்றது. ஆனா பாலை உறைய வைக்கிறதுக்குக் கன்னுக்குட்டி வயித்துக்குள்ள இருக்கிற தோலைப் போடுவாங்களாம், மதர் சொன்னாங்க. உங்க வீட்டுக்கு ஆகாது. நான் திருப்பி எடுத்துட்டுப் போயிர்றேன்."

"இருக்கட்டும், வெச்சுட்டுப் போங்கோ" என்றேன். நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனீர்கள்.

அக்கா ஏகாதசியன்று அரிசி, கோதுமை, பருப்பு எதையும் தொட மாட்டாள். பழமும் பாலும்தான். முப்பத்தைந்து வருஷமாக மாதம் இரண்டு ஏகாதசிக்கும் இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சை வீடு முழுக்கக் கேட்கும்படி விடுவாள். யோசித்துப் பார்த்தேன். வெண்ணெய்ப் பழம் பழம்தானே. வெள்ளையாகச் சேர்க்கிறதும் பாலிலிருந்து வருகிறதுதானே. சாஸ்திரம் அனுமதித்த இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு மசிப்பதில் என்ன தப்பு.

அடுத்த ஏகாதசியன்று அவள் கூடலழகரைச் சேவிக்கப் போயிருந்தபோது நான் குளித்து மடிப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பழத்தைச் சுற்றிக் கத்தியால் ஒரு கோடு, இரண்டு பாதியையும் ஒரு திருகு, கொட்டை கழன்று வந்துவிடும். சதையை வழித்துக் கல்சட்டியில் போட்டு உடனே எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கறுத்துவிடும். அப்புறம் வெள்ளைக் கட்டியை உதிர்த்துப் போட்டு, இந்துப்பு, மிளகுப்பொடி, ஒரு துண்டு இஞ்சித் துருவல். மத்தால் நாலு சுற்று சுற்றினால் வெண்ணெய் தோற்றுப்போகும். தொட்டுக்கொள்ள வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கி வைத்தேன்.

"என்னடி இது, பச்சையா?" என்று கேட்டாள் அக்கா.

"கொடைக்கானல் பழம் அக்கா. பாலும் சேர்த்திருக்கேன். ஏகாதசிக்கு ஆகும்."

"ஆகுமா ஆகாதான்னு நீ எனக்குச் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒரு வில்லையில் நகக்கண் அளவு தொட்டு வாயில் போட்டாள். இன்னொன்று தொட்டாள். கல்சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் உள்ளே போய்விட்டு வருவதற்குள் சட்டியில் மத்தின் தடம் மட்டும் இருந்தது. "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள்.

அதற்கப்புறம் நீங்கள் வாரம் தவறாமல் பழம் கொண்டுவந்தீர்கள், நான் ஏகாதசி தவறாமல் செய்தேன். அதற்குப் பச்சை வெண்ணெய் என்று அவளே பெயர் வைத்தாள். நாக்கை அடக்கத் தெரியாதவன் எதையும் அடக்க மாட்டான் என்று தெருவுக்கே உபதேசம் செய்கிறவள், தசமி சாயங்காலமே அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பழம் பழுத்துவிட்டதா என்று அமுக்கிப் பார்த்தாள். பஞ்சாங்கத்தை எடுத்து அடுத்த ஏகாதசிக்கு எத்தனை நாள் என்று எண்ணினாள். பக்தி முற்றிவிட்டது என்று அவள் தம்பி, எங்கள் வீட்டு வக்கீல், பெருமைப்பட்டார். நான் மறுக்கவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள், "பதினோரு வயசுக்கு அப்புறம் என் வாய்க்கு ருசியா ஒண்ணு கெடைச்சுதுன்னா அது இதாண்டி, நாகு." நாகு என்று அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு இளகிவிட்டது, மறைக்க மாட்டேன். நாளைக்கு ரசம் நீ வை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் வழக்கம்போல் புளியைத்தான் கொடுத்தாள்.

நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் வெற்றிலை பாக்குக்கு வந்த பெண்கள் பதினாலு பேர். சுண்டலோடு வாழைக்காய் வறுவலும் பச்சை வெண்ணெயும் வைத்தேன். காலையிலிருந்து நின்று செய்தது. அக்கா சுமங்கலிகள் முன்னால் வரக்கூடாது என்பதால் கூடத்து நிலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. சப்ஜட்ஜ் பெண்டாட்டி விரலை நக்காத குறையாகச் சாப்பிட்டுவிட்டு, "நாகலக்ஷ்மி, நீ பண்ணினதா? அமிர்தமா இருக்கே" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நிலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவளா? அவளுக்கு வெந்நீர் போடத் தெரியும். அது என் கைப்பாகமாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். "அதானே பார்த்தேன்" என்றாள் சப்ஜட்ஜ் பெண்டாட்டி. நானும் சிரித்தேன். பதினேழு வருஷத்தில் என் கையால் செய்து பத்துப் பேர் முன்னால் வைத்தது அது ஒன்றுதான். அதையும் அவள் எடுத்துக்கொண்டாள். இதில் கோபப்பட என்ன இருக்கிறது, ஒரு தொட்டுக்கொள்கிற பண்டம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர்களுக்கு மாமியார் வீட்டில் சமையலறை இருந்திருக்கும்.

விஜயதசமிக்கு மறுநாள் ஏகாதசி. அக்கா கோயிலுக்குப் போய்விட்டு வந்து இலை போட்டு, கிழங்கை நறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கல்சட்டிக்குப் பதிலாக உங்கள் டின்னைக் கொண்டுவந்து, அவளுக்கு நாலு முழம் தள்ளித் தரையில் வைத்தேன்.

"என்னடி இது?"

"பிலோமினாள் டீச்சர் கொடுத்தது அக்கா. பச்சை வெண்ணெய்க்குன்னு கொடுத்தா. இதுக்குள்ள இருக்கிற பாலைக் கன்னுக்குட்டி வயித்துத் தோலைப் போட்டு உறைய வைப்பாளாம். டீச்சர் சொன்னா."

அக்கா இலையைத் தாண்டிப் பின்னால் நகர்ந்தாள். சுவரில் முதுகு முட்டியது. புடவையை இழுத்து இழுத்துக் காலுக்கு அடியில் சுருட்டிக்கொண்டாள், டின் ஊர்ந்து வந்துவிடும் என்கிற மாதிரி. "ஏழு ஏகாதசி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏகாதசியன்னிக்கு" என்றாள். பிறகு அவள் முகம் இன்னொரு மாதிரி ஆயிற்று. "அன்னிக்கு வந்தவா பதினாலு பேர்டி. அத்தனை பேரும் சுமங்கலிகள். அவா வாயிலயும்..."

"உங்க கைப்பாகம்னு வேற சொல்லிட்டேள் அக்கா" என்றேன்.

அவள் கெட்டிக்காரி. நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளே சொல்லிக்கொண்டாள். பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்றால் சாஸ்திரிகளிடம் சொல்ல வேண்டும். சாஸ்திரிகளிடம் சொன்னால் அவர் ஆத்து மாமிக்குத் தெரியும். மாமிக்குத் தெரிந்தால் பதினாலு வீட்டுக்கும் தெரியும். தம்பியை எவனும் வாசலில் ஏற்ற மாட்டான், ஸ்யாமளாவை எவனும் கட்டிக்கொள்ள மாட்டான். கடைசியில், "நீ யார்கிட்டயும் சொல்லாதேடி, நான் பார்த்துக்கறேன்" என்று என்னைக் கெஞ்சினாள். பட்டு அக்கா கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றியிருக்கிறேன். உங்களுக்கு எழுதுவது ஆறுதலுக்காக.

ஒரு வாரம் ரகசியமாகப் பஞ்சகவ்யம் குடித்தாள். பிறகு ராத்திரிப் பலகாரத்தை விட்டாள், பிறகு சோற்றை விட்டாள். பால் மட்டும் குடித்துக்கொண்டிருந்தவள் ஒரு நாள் கொட்டிலில் எங்கள் கன்றுக்குட்டி முன்னால் வெகுநேரம் நின்றிருந்தாள். அது பழகிய கை என்று நக்க வந்தது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து பாலும் இல்லை. வாழைப்பழத்தில் பாதி, துளசித் தீர்த்தம். ஐப்பசியில் நடமாடினாள், கார்த்திகையில் படுத்தாள்.

எங்கள் வீட்டு வக்கீலுக்கு ஒரே பரவசம். "அக்கா தவம் பண்றா, தொந்தரவு பண்ணாதே" என்றார். டாக்டரை அழைத்துவந்தார், அவர் நாடியைப் பிடித்துப் பார்க்கக்கூட அவள் கையைக் கொடுக்கவில்லை. செய்தி பரவித் தெருவே திரண்டு வந்து வாசல்படியில் விழுந்து சேவித்தது. சப்ஜட்ஜ் பெண்டாட்டி தன் பெண் குழந்தையைக் கொண்டுவந்து அக்கா காலடியில் கிடத்தினாள். இந்தக் காலத்திலும் இப்படி ஓர் ஆத்மாவா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வந்தவர்களுக்கு நீர்மோர் கொடுத்து, வரிசையாக உள்ளே விட்டேன். அவர்கள் போன பிறகு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுவாள். அதையும் பக்தி என்றார்கள்.

இதற்கு நடுவில் நான் ரசம் வைத்தேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அடடா, அக்கா வெச்ச மாதிரியே இருக்கு" என்றார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவருக்குக் காரணம் தெரியாது. தவத்தில் நானும் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

எங்கள் மாட்டைக் கவனித்துக்கொள்கிற விளாங்குடி சோணையம்மாள் ஒருத்திக்குத்தான் இது தவமாகத் தெரியவில்லை. மார்கழியில் ஒரு நாள் சாணிக்கூடையோடு வந்து நின்றாள்.

"அம்மா, பெரியம்மாவுக்குப் பச்சத்தண்ணி பல்லுல பட்டு ரெண்டு நாளாச்சு. உசுரு எம்புட்டு நாளைக்குத் தாங்கும்? என்னமோ மனசுக்குள்ள வச்சு அரிக்குதும்மா அவுகளுக்கு. நீங்க போயி ஒரு வார்த்த பேசுங்க, கேட்டுக்கிருவாக."

"பேசறேன், நீ போய்ப் பாலைக் கற" என்றேன்.

பேசத்தான் போனேன். அக்கா படுக்கையில் இருக்கிறாளா இல்லையா என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது, அப்படி வற்றியிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். மடியில்லாத என் கையை.

"நாகு, நிஜமாவே அதுல அது இருந்துதாடி?"

நான் தலையணையைச் சரியாக வைத்தேன்.

"இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுடி. பொய்யா இருந்தாலும் சரி. நம்பிக்கறேன். ஒரு வாய் கஞ்சி குடிக்கறேன்."

"பொய் சொல்லச் சொல்றேளே அக்கா, வைகுண்ட ஏகாதசிக்கு ரெண்டு நாள்தான் இருக்கு" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. வைகுண்ட ஏகாதசியன்று விடிகாலையில் கூடலழகர் கோயிலில் சொர்க்கவாசல் திறக்கிற நேரத்துக்குச் சரியாகப் போய்விட்டாள். நேரே வைகுண்டம்தான் என்று தெருவில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

இனி உங்கள் விஷயம். டீச்சர், நீங்கள் கொடுத்த டின்னை நான் திறக்கவே இல்லை. கொட்டில் பரணில் வைத்தது வைத்தபடி, மூடிமேல் ஒட்டிய காகிதம்கூடக் கிழியாமல் இருக்கிறது. நீங்கள் அவ்வளவு சொன்ன பிறகு அதை நான் அடுப்பங்கரைக்குள் விடுவேனா. கல்சட்டியை வழித்து நானும் ஒரு வாய் சாப்பிட வேண்டாமா. சோணையம்மாள் கறந்த எங்கள் பசுவின் பாலைத்தான் காய்ச்சினேன். கொல்லை எலுமிச்சையைப் பிழிந்து திரித்து, மடித்துணியில் கட்டி, மேலே அம்மிக்குழவியை ஏற்றி வைத்தால் ஒரு மணி நேரத்தில் கட்டியாகிவிடும். ஏழு ஏகாதசிக்கும் அதுதான், நவராத்திரிக்கும் அதுதான். ஒரு சின்ன டின் நாலு மாதத்துக்கு எப்படிக் காணும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்திருந்தால் போதும், கனம் தெரிந்திருக்கும், மூடி தெரிந்திருக்கும். தொட மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சாமியாரிடமும் சொல்லிவிடுங்கள். என் மேலும் இல்லை. யோசித்துப் பாருங்கள், நான் அவளிடம் சொன்னதில் எந்த வார்த்தை பொய்? பதினேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் ஆகாத பண்டம் ஒன்றைக்கூட அவள் வாயில் நான் வைத்ததில்லை. அந்தப் பாவம் என்னை அண்டாது.